கனமான அணுவை எங்கே வைப்பது: மையத்திலா, பக்கத்திலா?

ஒரு மூலக்கூறு காந்தமாக வேலை செய்ய வேண்டுமென்றால் அதன் ஸ்பின் (எலக்ட்ரான்களின் உள்ளார்ந்த நுண்காந்தத் தன்மை) ஏதாவது ஓர் அச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எல்லாத் திசையும் ஒன்றுதான் என்று சுற்றிக்கொண்டிருந்தால் பயனில்லை. இந்தப் பிடிவாதத்துக்குப் பெயர் காந்தத் திசைச்சார்பு. அதற்கு அடிப்படை ஸ்பின்–ஆர்பிட் இணைப்பு, அதாவது எலக்ட்ரானின் ஸ்பினும் அணுக்கருவைச் சுற்றிய அதன் இயக்கமும் ஒன்றோடொன்று பிணைவது. அணு எண் கூடக் கூட அந்த இணைப்பு வேகமாக வலுப்பெறும். ஆகவே 'கனமான அணுவைச் சேர், திசைச்சார்பு தானாக ஏறும்' என்பது இத்துறையில் பழகிப்போன சூத்திரம். பாதி உண்மை.

முதல் வழி, மையத்து உலோகத்தை அப்படியே விட்டுவிட்டு ஈனியை (உலோகத்தோடு பிணைந்து சுற்றி நிற்கும் அணு அல்லது மூலக்கூறை) கனமாக்குவது. இதற்குச் சுத்தமான சான்று குரோமியம் +3. ஆறு பிணைப்புகள் சூழ்ந்த எண்முகி அமைப்பில் அதன் மூன்று டி எலக்ட்ரான்களுக்குச் சொந்தத் திசைச்சார்பு கிட்டத்தட்ட இல்லை. வேதியியலாளர் ஜெஃப்ரி லாங் குழு 2010-இல் ஒரே மாதிரியான குரோமியம் அணைவுகளில் (உலோகமும் ஈனிகளும் சேர்ந்த சேர்மங்களில்) ஹாலைடு ஈனியை மட்டும் மாற்றிப் பார்த்தது. திசைச்சார்பை அளக்கும் எண்ணுக்குப் பெயர் பூஜ்யப்புலப் பிளவு. குளோரைடில் அதன் அளவு சுமார் 0.1 செ.மீ⁻¹ (இங்கே ஆற்றலின் அலகு). அயோடைடில் 2.3. உலோகம் மாறவில்லை. எனவே ஏற்றம் முழுக்க அயோடினிடமிருந்து சகப்பிணைப்பு வழியாக வந்தது.

கோபால்ட்டுக்கு வந்தால் கதை சிக்கலாகிறது. நான்முகி கோபால்ட் +2-ஐச் சுற்றி நான்கு ஃபீனைல் ஈனிகள். கோபால்ட்டோடு பிணையும் அணு மட்டும் ஆக்சிஜன், சல்ஃபர், செலினியம் என்று மாறுகிறது. அளந்த பூஜ்யப்புலப் பிளவு மதிப்புகள் −11, −62, −83 செ.மீ⁻¹. பார்த்தவுடன் எடையின் வெற்றி போலத் தோன்றும். அணு நிறைகளைப் பக்கத்தில் வையுங்கள்: 16, 32, 79. எடை இரட்டிப்பான இடத்தில் மதிப்பு ஐந்தரை மடங்கு ஏறியது. எடை அதைவிட அதிகமாக ஏறிய அடுத்த படியில் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. அப்படியானால் இங்கே பெரும் வேலை செய்வது கனம் அல்ல. ஈனிப்புலம் (ஈனிகள் உலோகத்தின் எலக்ட்ரான்கள் மீது செலுத்தும் தாக்கம்) பலவீனமாவது, பிணைப்பின் சகத்தன்மை, நான்முகியின் நெளிவு ஆகியவைதான். (செலினியம் ஈனிக்கு வேண்டிய செலினால்களின் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு கிடைக்கும் லாபம் அவ்வளவுதான்.)

இன்னொரு சான்று வேதியியலாளர் கிம் டன்பார் குழுவின் 2014 வேலை. கோபால்ட்டோடு எப்போதும் இரண்டு அயோடைடு. மற்ற இரண்டு ஈனிகள் மட்டும் மாறுகின்றன. குயினோலின் என்றால் +9.2, டிரைஃபீனைல்ஃபாஸ்ஃபீன் என்றால் −36.9, டிரைஃபீனைல்ஆர்சீன் என்றால் −74.7. மூன்றிலும் அதே கன அயோடின் உட்கார்ந்திருக்க, குறியே மாறிவிட்டது! ஸ்பின் அச்சோடு நிற்பதைக் காட்டுவது எதிர்க்குறி; காந்த நினைவகத்துக்கு வேண்டியது அதுதான். அயோடினால் மட்டும் அதைத் தர முடியவில்லை.

இரண்டாம் வழி, மையத்திலேயே 5டி உலோகம் (தனிம அட்டவணையில் கீழே இருக்கும் கன உலோகம்). இதை நீளமாகப் பேசத் தேவையில்லை. ரீனியம் +4 குரோமியம் +3 போலவே மூன்று டி எலக்ட்ரான்கள் கொண்டது. நான்கு குளோரைடு, இரண்டு சயனைடு சூழ்ந்த ரீனியத்தில் மதிப்பு −14.4. குரோமியத்தோடு ஒப்பிட்டால் பெரிய தாவல்தான். ஆனால் சாதாரண கோபால்ட் சல்ஃபர் அணைவுக்கே இது ஈடாகாது.

மூன்றாவது டிஸ்ப்ரோசியம் என்னும் அருமண் தனிமம். இங்கே சூத்திரம் தலைகீழாகிறது: மையம் கனமாக இருக்கட்டும், அச்சில் நிற்கும் அண்டை அணுக்கள் லேசாக இருக்கட்டும். அதன் காந்தத்துக்குக் காரணமான 4எஃப் எலக்ட்ரான்கள் உள்ளே புதைந்திருப்பதால் ஈனியின் ஸ்பின்–ஆர்பிட் அவற்றுக்குப் பெரிதாக எட்டாது. எதிரெதிரே இரண்டு பக்கமும் வலுவான எதிர்மின்னூட்டம் இருந்தால் போதும். 2018-இல் இரண்டு சைக்ளோபென்டாடையீனைல் என்னும் கார்பன் வளையங்களுக்கு நடுவே டிஸ்ப்ரோசியத்தை வைத்து 1,541 செ.மீ⁻¹ தடையும் (ஸ்பின் திசை புரளக் கடக்க வேண்டிய ஆற்றல்) 80 கெல்வின் வரை காந்த நினைவும் எட்டினார்கள், அதாவது திரவ நைட்ரஜனின் கொதிநிலைக்கு மேல். 2025-இல் இரண்டு நைட்ரஜன் ஈனிகளோடு 100 கெல்வின் வந்தது.

சரி, கனமே வேண்டாம் என்றால்? 2018-இல் கார்பன்–கோபால்ட்–கார்பன் என்று நேர்கோட்டில் நிற்கும் ஓர் அணைவில் 450 செ.மீ⁻¹ தடை கிடைத்தது. கோபால்ட் சல்ஃபர் அணைவில் கணக்குப்படி 120-க்கு மேல் வர வேண்டிய தடை, அளந்தபோது வெறும் 21. பெரிய திசைச்சார்பு இருந்தும் ஸ்பின் வேறு வழிகளில் நழுவிவிடுகிறது. வடிவத்தைச் சரிசெய்வது கனத்தைச் சேர்ப்பதைவிட அதிகம் தந்திருக்கிறது.

ஆகவே வெப்பநிலைதான் குறி என்றால் என் ஓட்டு டிஸ்ப்ரோசியத்துக்கு. அருமண் தனிமம் வேண்டாம் என்பவர்களுக்கு நேர்கோட்டுக் கோபால்ட். கன ஈனியை நான் தேடிப்போவது உலோகத்துக்குச் சொந்தத் திசைச்சார்பு இல்லாத இடத்தில் மட்டும். அங்கே அதன் பலன் மூலக்கூறோடு நிற்பதில்லை. அடுக்குத் திண்மமான குரோமியம் டிரைஅயோடைடில் ஸ்பின்கள் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கக் காரணம் அயோடின். அதனால்தான் 2017-இல் அதை ஒற்றை அடுக்காக உரித்த பிறகும் 45 கெல்வின் வரை ஃபெரோகாந்தமாக இருந்தது. குளோரைடு வடிவத்தில் ஸ்பின்கள் தளத்திலேயே படுத்துவிடுகின்றன.