மூக்கு நுனி அறுவை சிகிச்சைக்கு அட்வான்ஸ் கட்டும் முன்

மூக்கு நுனியை மட்டும் கொஞ்சம் சன்னமாக்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் ஒரு தனியார் காஸ்மெட்டிக் கிளினிக்கில் எனக்கு இந்த அறுவை சிகிச்சை நடந்தது. இன்று என் மூக்கு நுனி இரண்டு பக்கமும் கிள்ளிவிட்டதுபோல ஒடுங்கியிருக்கிறது. மாடிப்படி ஏறினால் வாயால்தான் மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. நல்ல கைகளில் செய்துகொண்டு நிறைவாக இருப்பவர்களும் எனக்குத் தெரிந்தவர்களில் உண்டு, அதனால் யாரும் செய்யவே கூடாது என்று சொல்ல மாட்டேன். டாக்டர் முடிவு செய்ய வேண்டியதை விற்பனை ஆள் முடிவு செய்யும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

அங்கே முதலில் நம்மை உட்காரவைத்துப் பேசுகிறவர் கவுன்சிலர், அதாவது கிளினிக்கின் விற்பனை ஆள். வெள்ளை கோட் போட்டிருந்தார், ஆனால் டாக்டர் இல்லை. என் போனிலிருந்த செல்ஃபி ஒன்றை வாங்கி, ஒரு ஆப்பில் போட்டு, விரலால் நுனியை இழுத்துச் சின்னதாக்கி, "இதுதான் மேடம் உங்க ரிசல்ட்" என்று காட்டினார். செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிவது லென்ஸின் வேலை. முகத்திலிருந்து 12 அங்குல தூரத்தில் எடுத்த படத்தில், 5 அடி தூரத்தில் எடுத்ததைவிட மூக்கின் அடிப்பாகம் ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் ஒருவரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2018இல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதாவது அந்தப் படத்தில் கவுன்சிலர் குறைத்துக் காட்டியதில் ஒரு பங்கு என் முகத்திலேயே கிடையாது. இதை அந்த மேசையில் யாரும் சொல்லவில்லை.

சுவரில் வரிசையாக மாட்டியிருந்த 'முன், பின்' படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'முன்' படங்களில் எல்லோரும் சிரிக்கிறார்கள், 'பின்' படங்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரிக்கும்போது மேலுதட்டுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள தசை நுனியைக் கீழே இழுக்கும், நாசித்துவாரங்களும் அகலும். முகவாயைக் கொஞ்சம் தூக்கி, சிரிக்காமல் நின்றால் எந்த மூக்கும் எடுப்பாகத் தெரியும். எந்த கிளினிக்கில் படம் காட்டினாலும், ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில், சிரிக்காமல் எடுத்ததா என்று பாருங்கள். பக்கவாட்டிலும் கீழிருந்தும் எடுத்த படங்களைக் கேளுங்கள், ஒரு வருஷம் கழித்து எடுத்ததைக் கேளுங்கள்.

டாக்டர் வந்தார், சில நிமிடங்கள் பேசினார், போனார். மூக்கைத் தொட்டுப் பார்க்கவில்லை. உள்ளே டார்ச் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. இது எவ்வளவு பெரிய குறை என்பது, அறுவைக்கு அப்புறம் வேறொரு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் எனக்குப் பொறுமையாக விளக்கியபோதுதான் புரிந்தது. அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே சொல்கிறேன்.

மூக்கு நுனியில் எலும்பு கிடையாது. ஒவ்வொரு நாசித்துவாரத்தையும் சுற்றி வளைந்து நிற்கும் ஒரு ஜோடி குருத்தெலும்புகள்தான் நுனிக்கு வடிவம் தருகின்றன. மூச்சை இழுக்கும்போது துவாரத்தின் சுவர் உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் தாங்குவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. நுனியைச் சன்னமாக்க அவற்றின் மேல்விளிம்பைக் கொஞ்சம் வெட்டுவார்கள். அப்படி வெட்டும்போது 6 முதல் 8 மில்லிமீட்டர் அகலமாவது விட்டுவைக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதற்கும் கீழே போனால் ஆறும்போது சுவர் உள்வாங்கும். நம் ஊரில் பலருக்கு இருப்பதுபோல நுனியில் தோல் தடிமனாகவும் எண்ணெய்ப்பசையாகவும் இருந்தால் இன்னொரு சிக்கல். உள்ளே குருத்தெலும்பைக் குறைத்தால் தோல் அதற்கேற்பச் சுருங்காது. "பந்தல்காலைக் குட்டையாக்கினால் மேலே கட்டிய துணி சின்னதாகுமா? தொய்ந்துதான் போகும்" என்றார் அந்த டாக்டர். தடித்த தோலுக்குப் பெரும்பாலும் குறைப்பதைவிடத் தாங்குவதே முக்கியம்: தையலால் இறுக்குவது, மூக்கின் நடுச்சுவரிலிருந்தோ காதிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து முட்டுக்கொடுப்பது. எனக்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. நுனிக்கு மேலே சதை திரண்டு, பக்கவாட்டில் பார்த்தால் கிளிமூக்குபோலத் தெரிவது அதனால்தான்.

ஆகவே, தோலின் தடிமன், நுனியை அழுத்தினால் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது, நடுச்சுவர் வளைந்திருக்கிறதா, இப்போதே மூச்சு எப்படிப் போகிறது, இதையெல்லாம் கையால் பார்க்காமல் "நுனி மட்டும்தானே, சின்ன வேலை" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சின்ன வேலை கிடையாது. மூக்கு அறுவையில் கடினமான பகுதிகளில் நுனியும் ஒன்று.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஆஃபர் இந்த வாரத்தோடு முடிகிறது என்றார்கள். வீட்டில் வரன் பார்க்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் அம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சிடுங்கம்மா, போட்டோவுக்கே நல்லா இருக்கும்" என்று அம்மாவிடமே பேசினார்கள். கட்டிய அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது என்பது ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. சொன்ன தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும் என்பது கடைசியில்தான் வந்தது. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, விபத்துக் காயம் ஆகியவற்றைச் சரிசெய்யும் அறுவைக்கு ஜிஎஸ்டி இல்லை, அழகுக்காகச் செய்வதற்கு உண்டு. இது சட்டம், ஆனால் முதல் நாளே சொல்ல வேண்டியது. இன்னும் மோசமான ஒன்றும் சொன்னார்கள்: நடுச்சுவர் வளைவு என்று எழுதித் தருகிறோம், இன்சூரன்ஸில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று. அதற்கு நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. உங்களிடம் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவக் காப்பீட்டில் அழகு அறுவைக்குப் பணம் கிடையாது, பொய்க் காரணம் தெரிந்தால் மாட்டிக்கொள்வது பாலிசிதாரர்தான்.

அறுவை அன்று காலை, கையில் ஊசி ஏற்றிய பிறகு ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். முழுக்க ஆங்கிலம். என்ன செய்யப்போகிறார்கள் என்ற இடத்தில் 'ரைனோபிளாஸ்டி' (மூக்கின் வடிவத்தை மாற்றும் அறுவை) என்ற ஒரே சொல். நாசித்துவாரங்களைத் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். பில்லைப் பார்த்தபோது 'ஏலார் பேஸ் ரிடக்‌ஷன்' என்று ஒரு வரி, அதற்குத் தனித் தொகை. துவாரத்தின் அடியில் இருபக்கமும் தோலைச் சீவி எடுத்துத் தைத்திருக்கிறார்கள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மயக்க மருந்துக் குறிப்பில் இருந்த சர்ஜன் பெயரும் நான் பார்த்துப் பேசிய டாக்டருடையது இல்லை.

நோயாளி ஒப்புக்கொண்டதற்கு மேல், உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து இல்லாதபோது, கூடுதலாக எதையும் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒரு துவாரத்தின் அகலம் எந்த உயிராபத்து?

அதற்கப்புறம் நான் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: வீக்கம். நுனி வீக்கம் முழுதாக வடிய ஒரு வருஷம்கூட ஆகும், தோல் தடித்தவர்களுக்கு அதைவிடவும் ஆகலாம். அது உண்மை. அந்த உண்மையை வைத்தே என்னை மாதக்கணக்கில் திருப்பி அனுப்பினார்கள். வீக்கம் இருந்தால் மூக்கு அடைத்ததுபோல இருக்கும், நாளாக ஆகக் குறையும். என் பிரச்சினை வேறு: ஆழமாக மூச்சை இழுத்தால் துவாரத்தின் சுவர் கண்ணெதிரே உள்ளே மடிகிறது. கண்ணாடி முன்னால் நின்று யாரும் பார்க்கலாம். இரண்டாவது டாக்டர் என் கன்னத்தை விரலால் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து மூச்சு விடச் சொன்னார். சட்டென்று காற்று தாராளமாகப் போனது. சுவருக்குத் தாங்கல் போய்விட்டது என்பதற்கு அது அடையாளம் என்றார். திருத்த அறுவைக்குக் காதுக் குருத்தெலும்பு வேண்டும், திசு இளகும்வரை காத்திருக்க வேண்டும், செலவும் முதலாவதைவிட அதிகம். அறுவைக்காகக் கழற்றிய மூக்குத்தித் துளையும் தூர்ந்துவிட்டது. அம்மாவுக்கு அதுதான் பெரிய வருத்தம்.

ஆவணங்களைக் கேட்டபோது டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் வருட மருத்துவர் நடத்தை விதிகளில் இருக்கிறது. வாயால் கேட்காதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அப்படி அனுப்பிய பிறகுதான் ஆபரேஷன் நோட்ஸ் வந்தது. எவ்வளவு குருத்தெலும்பு எடுத்தார்கள், எவ்வளவு விட்டார்கள் என்ற அளவு அதில் எங்கேயும் இல்லை.

நீங்கள் போவதாக இருந்தால், கத்தி பிடிக்கப்போகிறவர் யார் என்று பெயரைக் கேட்டு, தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவில் தேடிப் பாருங்கள். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் என்ன படித்திருக்கிறார் என்பது முக்கியம்: பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி., அல்லது மூக்கு அறுவையில் முறையான பயிற்சி உள்ள இ.என்.டி. சர்ஜன். எங்கே வெட்டுவார், எதை எடுப்பார், எதை வைப்பார், எதைத் தொட மாட்டார் என்பதை உங்களுக்குப் புரிகிற மொழியில் எழுதி வாங்குங்கள். சரிவராவிட்டால் திருத்த அறுவைக்கு யார் பணம் என்பதையும் அதே தாளில் கேளுங்கள். அறுவை பயமாக இருக்கிறது என்று சொன்னால் ஃபில்லர் ஊசி (தோலுக்கடியில் ஜெல்லை நிரப்புவது) போடலாம், நூல் போட்டுத் தூக்கலாம் என்பார்கள். நூல் சில மாதங்களில் கரைந்துவிடும். மூக்கில் போடும் ஃபில்லர் தவறி ரத்தக்குழாயில் போனால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம். கால் மணி நேர வேலை என்று அதையும் இலேசாகச் சொல்வார்கள், கவனம்.

கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 2019ஆம் வருடச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம், கிளினிக் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். என் புகார் பதிவாகியிருக்கிறது. அதே இடத்தில் அட்வான்ஸ் கட்டிவிட்டு இன்னும் தேதி வாங்காமல் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தேதி வாங்கும் முன் வேறொரு சர்ஜனிடம் ஒருமுறை மூக்கைக் காட்டிவிட்டு வாருங்கள்.