டெபியனா, உபுண்டுவா: பனியன் கம்பெனிக் கணினிக்கு எது?

திருப்பூர்ப் பக்கம் லினக்ஸ் (விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் இலவச மென்பொருள்; டெபியன், உபுண்டு இரண்டும் அதன் வகைகள்) என்றதும் முதலாளிகள் கேட்பது இதுதான்: "சம்பளமில்லாம செஞ்சதுங்க, நின்னு போனா யாரைப் பிடிக்கறதுங்க?" அதனாலேயே, பின்னால் கனோனிக்கல் என்ற நிறுவனம் இருக்கும் உபுண்டுவைக் கை காட்டுகிறார்கள்.

ஆனால் 2004-ல் வந்த உபுண்டு, டெபியன் மேல் கட்டியதுதான். அதன் பொதிகளில், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்களில், பெரும்பகுதி இன்றும் அங்கிருந்தே வருகிறது. டெபியனோ 1993-லிருந்து தன்னார்வலர்களால் நடக்கிறது. ஆளாளுக்குக் கை வைக்கும் இடமல்ல அது. திருத்தத்தை யாரும் அனுப்பலாம், பொதியைப் பராமரிப்பவர் பார்த்து ஏற்றால்தான் உள்ளே போகும். ஆண்டுதோறும் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிழைப் பட்டியல்கூட எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. இதைவிடப் பொறுப்பான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

பல ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும் உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு 2 ஆண்டுக்கொருமுறை ஏப்ரலில் வரும். காசு கட்டினால் உதவி ஒப்பந்தமும் உண்டு. ஷிப்மென்ட் நாளில் போன் எடுக்க ஆள் வேண்டுமென்றால் அதுவே சரி.

பில் போடும் பழைய கணினிக்கு என் தேர்வு டெபியன். பழுதென்றால் பதிப்பு எண், செய்த வேலை, திரையில் வந்த செய்தி மூன்றையும் எழுதி டெபியனின் பிழைப் பட்டியலுக்கு அனுப்புங்கள். கெடு மட்டும் வைக்காதீர்கள். அந்தத் தன்னார்வலர்கள் நம்மிடம் கூலி வாங்கவில்லை.