குழந்தைகள் வார்டு பி.பி. மானிட்டர்: பட்டைகளுக்கு முழு மதிப்பெண், திரைக்குப் பாதி

மன்னார்குடியில் ஒரு சிறிய மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். ஐப்பசி மழை வந்தால் பின்னாலேயே டெங்குவும் வரும் என்று இந்தத் தானியங்கி பி.பி. மானிட்டரை வாங்கிக் கொடுத்தார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இந்த வகைக் கருவிகளின் குணம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதில் உருப்படியான பொருள் கையில் சுற்றும் பட்டைகள். பச்சிளங்குழந்தை முதல் பெரிய பிள்ளை வரை தனித்தனி அளவு. உள்ளிருக்கும் காற்றுப்பையின் அகலம் மேற்கைச் சுற்றளவில் ஏறத்தாழ 40 சதவீதம் இருக்க வேண்டும். சிறியதைக் கட்டினால் அழுத்தம் கூடுதலாகவும், பெரியதைக் கட்டினால் குறைவாகவும் காட்டும். மேலே அச்சிட்டிருக்கும் வயதை நம்பாதீர்கள். நான்கு வயதிலும் சில பிள்ளைகளுக்குக் கை முருங்கைக்காய் கனம்தான். என் சட்டைப்பையில் அளவு நாடா எப்போதும் இருக்கும்.

படுத்து விளையாடும் பிள்ளைக்குக் கருவி சரியாகவே அளக்கிறது. அதிர்ச்சி நிலைக்கு (ஷாக், அதாவது உடலுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் நிலை) போகும் பிள்ளையிடம்தான் சிக்கல். கருவி பட்டையில் தெரியும் துடிப்பைப் பிடித்து, சராசரி அழுத்தத்தைக் கண்டு, மேல், கீழ் எண்களைக் கணக்கிட்டுச் சொல்கிறது. நாடி நூலாகிவிட்டால், மேல் எண்ணை உள்ளதைவிடக் கூட்டியே காட்டும் போக்கு இதற்கு உண்டு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு மேல் எண் இறங்கக்கூடாத எல்லை 70 கூட்டல் இருமடங்கு வயது, அதாவது 80. திரையில் 84 இருக்கும். கால் பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் சிவக்க நான்கு விநாடி ஆகும், பாதம் சில்லென்றிருக்கும். அப்போது நான் மருத்துவரைக் கூப்பிடுவது நகத்தைப் பார்த்துத்தான். குழந்தைகளுக்கு பி.பி. விழுவது கடைசியில்.

டெங்குவில் இன்னொன்று: 100/82 என்றால் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் மேல், கீழ் எண்களின் வித்தியாசம் 20க்குள் சுருங்கினால் ஆபத்து. அந்தக் கழித்தலைத் திரையிலேயே காட்டினால் என்ன குறைந்துவிடும்? அடிக்கடி தானாக அளக்கும்படி வைத்தால் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்த பிள்ளையின் கையில் பட்டைக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள் வந்துவிடுகின்றன.

தஞ்சாவூரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தபோது தமனிக்குள் குழாய் போட்டு அளந்திருக்கிறோம். நொடிக்கு நொடி தெரியும்; அளவுகோல் அதுதான். அதிலும் அழுத்தத்தை அளக்கும் உணரி இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இறங்கினால் பி.பி.யை 7 மி.மீ.க்கு மேல் கூட்டிக் காட்டும், குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் திரையில் ஓடும் அழுத்த அலை மழுங்கும்.

வாங்கலாம். பேட்டரி மின்வெட்டைத் தாங்குகிறது. ஆனால் மாற்றுப் பட்டைகள் தனியே கிடைக்குமா என்று விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குச் சிறிய பட்டை கிழிந்து, புதியது திருச்சியிலிருந்து வருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது.