களக்காட்டில் மூன்று பிக்கப்புகள்: 2012 முதல் இன்று வரை

போன வாரம் ஆரல்வாய்மொழி தாண்டும்போது என் மூன்றாவது பிக்கப்பின் மீட்டர் 1,60,000 கிலோமீட்டரைத் தொட்டது. முதல் வண்டியை 2012-ல் எடுத்தேன், இரண்டாவதை 2018-ல், இதை 2022-ல். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே மாடலின் அடுத்தடுத்த தலைமுறைகள். கம்பெனிப் பெயரை எழுதவில்லை. எழுதினால் பேச்சு எந்தக் கம்பெனி நல்லது என்று திரும்பிவிடும். இந்த ஆண்டுகளில் எல்லாக் கம்பெனி பிக்கப்புகளும் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் மாறியிருக்கின்றன. அதில் நமக்கு என்ன கிடைத்தது, எது கையை விட்டுப் போனது என்பதை ஓட்டினவன் என்ற முறையில் சொல்கிறேன். புது வண்டியோ பழைய வண்டியோ வாங்க யோசிக்கிறவர்களுக்கு உதவும்.

என் தொழில் வாழைத்தார். களக்காடு, ஏர்வாடி பக்கத்துத் தோட்டங்களில் ஏத்தன் (நேந்திரன்) தாரை வெட்டி ஏற்றி, நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்தில் சாலை என்ற இடத்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது பாதி வேலை. மீதி வேலை தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாகக் கொல்லம். இடையில் தோட்டத்திலிருந்து மண்டிக்கு ஆறு, எட்டு கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு. இந்த மூன்று ஓட்டத்துக்கும் வண்டி மூன்று விதமாக நடந்துகொள்ளும். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் அப்பா காலத்தில் தார் ஏற்ற லாரிதான் வரும். லோடு நிறையும் வரை காத்துக் கிடக்க வேண்டும், அதற்குள் தார் பழுக்கத் தொடங்கிவிடும். 1988-ல் டாடா மொபைல் 206 வந்து, அதன் வழியில் 207 வந்த பிறகுதான் ஒரு டன் சரக்கைத் தனி ஆள் எடுத்துக்கொண்டு போகலாம் என்ற நிலை வந்தது. 2005-ல் குட்டியானை என்று நாம் சொல்கிற ஏஸ், 2011-ல் ஓசூரிலிருந்து தோஸ்த் என்று சின்ன வண்டிகள் பெருகின. ஆனால் தாரை ஏற்றிக்கொண்டு மலை ஏற வேண்டுமென்றால் எங்களுக்குப் பெரிய பிக்கப்தான்.

முதல் வண்டி பி.எஸ். 3, அதாவது பாரத் ஸ்டேஜ் என்ற அரசின் புகை விதியில் மூன்றாம் படி. குதிரைத்திறன் அறுபதைச் சுற்றித்தான் இருக்கும். ஆர்.சி.யில் போட்டிருந்த பாரம் 1,250 கிலோ, பன்னிரண்டு கிலோ தாராகப் பார்த்தால் நூறு தார். பவர் ஸ்டியரிங் கிடையாது. லோடோடு தோட்டத்து வரப்பில் ரிவர்ஸ் எடுத்தால் இரண்டு கையும் தோளோடு கழன்றுவிடும் போல இருக்கும். கிளட்சும் கல்லு மாதிரி. திருவனந்தபுரம் போய்வந்த இரவில் இடது முழங்காலுக்குத் தைலம் தேய்க்காமல் படுத்ததில்லை. சத்தம், சூடு, அதிர்வு எல்லாம் கேபினுக்குள்ளேயே இருக்கும்.

ஆனால் அந்த வண்டியின் இன்ஜின் எனக்குப் புரிந்தது. 2013-ல் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குப் பணகுடி தாண்டி டீசல் தீர்ந்து நின்றுவிட்டது. கேனில் டீசல் வாங்கி ஊற்றினாலும் ஸ்டார்ட் ஆகாது, குழாயில் காற்று புகுந்திருக்கும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கை பம்பை முப்பது, நாற்பது தடவை அழுத்தினேன். 17-ம் நம்பர் ஸ்பேனரால் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் மூக்கு) பைப்பின் நட்டை அரைச் சுற்று தளர்த்தினேன். தம்பி செல்ப் அடித்தான். முதலில் நட்டின் ஓரத்தில் நுரை வந்தது, அப்புறம் குமிழி, அப்புறம் சுத்தமான டீசல் ஊசி மாதிரி பீய்ச்சி என் மணிக்கட்டில் அடித்தது. நட்டை இறுக்கினேன். அடுத்த நாசிலுக்குப் போவதற்குள்ளேயே இன்ஜின் தடதடவென்று பிடித்துக்கொண்டது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணாச்சி. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை நாசிலில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடுவார்.

2018-ல் இரண்டாவது வண்டியை எடுத்தேன். நாடு முழுக்க பி.எஸ். 4 கட்டாயமானது 2017 ஏப்ரல் 1-ல். அதற்கு முந்தைய கடைசி இரண்டு நாள் பி.எஸ். 3 வண்டிகளை விலை குறைத்துத் தள்ளிவிட்டார்கள். என் கூட்டாளிகள் பலர் அப்போது வாங்கினார்கள். நான் காத்திருந்து காமன் ரெயில் இன்ஜின் வண்டியை எடுத்தேன். எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தி வைத்திருக்கிற இன்ஜின் அது. அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. முதல் வித்தியாசம் கையில் தெரிந்தது. பவர் ஸ்டியரிங் வந்ததும் தோட்டத்துக்குள் திருப்புவது ஒற்றைக் கை வேலை ஆனது. இரண்டாவது வித்தியாசம் புளியரை எஸ் வளைவில். முதல் வண்டி அங்கே முதல் கியரில் முக்கி முக்கி ஏறும், பின்னால் கேரள பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வரும். இரண்டாவது வண்டி கூடுதலாக 250 கிலோ பாரத்தோடு இரண்டாம் கியரில் ஏறியது. டீசலும் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகக் கிடைத்தது.

எடுத்த ஆறாம் மாதம் பைப்பில் லேசாகக் கசிவு தெரிந்தது. பழைய பழக்கத்தில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தேன். மெக்கானிக் அண்ணாச்சி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “தொட்ராதிய அண்ணாச்சி, இது பழைய வண்டி இல்ல. கை போயிரும்.” அவர் சொன்னது உண்மை. காமன் ரெயிலில் இன்ஜின் ஓடும்போது டீசல் ஆயிரம் பாருக்கு மேலான அழுத்தத்தில் நிற்கும். மயிரிழை ஓட்டையில் வந்தாலும் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், சதை அழுகிப் போகிற காயம் அது. பழைய வண்டியில் எனக்குத் தெரிந்த வைத்தியம் புது வண்டியில் என்னையே கொல்லும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. காமன் ரெயில் வண்டி வைத்திருக்கிற யாரும் தயவுசெய்து இந்த விஷயத்தில் துணிச்சல் காட்ட வேண்டாம்.

மூன்றாவது வண்டி பி.எஸ். 6. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு இறங்கியது. பி.எஸ். 4 டீசலில் அது 50, பி.எஸ். 3-ல் 350. கந்தகம் குறைந்ததால்தான் சைலன்சர் பாதையில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரை வைக்க முடிந்தது. இந்த மூன்றாம் தலைமுறைக்கு நான் முதலில் நன்றி சொல்வது அம்மாவுக்காக. அம்மாவுக்கு இழுப்பு உண்டு. பழைய வண்டியை விடியக்காலை நாலு மணிக்கு வாசலில் ஸ்டார்ட் பண்ணினால் கரும்புகை நடை வழியாக அடுப்பங்கரை வரைக்கும் வரும், அம்மா இருமிக்கொண்டே எழுந்து கதவைச் சாத்துவாள். இந்த வண்டியின் சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியை ஐந்து நிமிடம் பிடித்தும் கறை படியவில்லை. அம்மா இப்போது வண்டி கிளம்பினது தெரியாமல் தூங்குகிறாள்.

பாரம் 1,700 கிலோ, அதாவது நூற்றி நாற்பது தார். தொட்டி நீளம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம் இரண்டும் கூடியிருக்கின்றன. ஆடி மாதக் காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினவர்களுக்கு இந்த அகலத்தின் அருமை தெரியும். காற்றாலை எல்லாம் ஏன் முப்பந்தலில் நிற்கிறது என்று வண்டியே சொல்லும். உயரமாகக் கட்டிய லோடோடு முதல் வண்டி அங்கே பக்கவாட்டில் ஆடினால் வயிறு கலங்கும். இது ஒரு தடவை லேசாகச் சாய்ந்து அப்படியே நிலைத்துவிடுகிறது.

சரி, தொந்தரவுக்கு வருகிறேன். வாங்கின ஐந்தாம் மாதம் வாழை விலை சரிந்து கேரள ஓட்டம் குறைந்தது. ஒரு மாதம் முழுக்கத் தோட்டத்துக்கும் மண்டிக்கும் மட்டுமே ஓட்டினேன். எட்டு கிலோமீட்டர், நிறுத்து, இறக்கு, மறுபடி எட்டு கிலோமீட்டர். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வந்தது, நான் பொருட்படுத்தவில்லை. அப்புறம் ஒரு நாள் கொல்லம் லோடோடு புளியரை ஏற்றத்தில் இழுவை சட்டென்று செத்துவிட்டது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் வண்டி தவழ்கிறது. பின்னால் லாரி வரிசை. உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

சர்வீஸ் சென்டரில் ஃபில்டரையே மாற்ற வேண்டும், லட்சத்தை ஒட்டி ஆகும் என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. தெரிந்த இன்னொரு இடத்தில் ஸ்கேனரை மாட்டி, நிறுத்திய இடத்திலேயே இன்ஜினை ஓட்டிக் கரியை எரித்தார்கள். முக்கால் மணி நேரம், சில ஆயிரம் ரூபாய். அதே ஃபில்டர் இன்றைக்கும் ஓடுகிறது.

நடந்தது இதுதான். அந்த ஃபில்டரில் சேரும் கரி எரிய வேண்டுமானால் புகைக்குழாயில் சூடு 600 டிகிரிப் பக்கம் போக வேண்டும். நாலுவழிச் சாலையில் இருபது நிமிடம் சீராக ஓடினால் அது தானாக நடந்துவிடும். சின்ன ஓட்டத்தில் சூடு ஏறுவதற்குள் வண்டியை அணைத்துவிடுகிறோம். பாதியில் அணைத்தால் கரியை எரிக்க விட்ட டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலுக்குள் இறங்கும். பழைய வண்டியில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்து ஆயில் குறைந்திருந்தால் பயப்படுவோம். இதில் கூடியிருந்தாலும் பயப்பட வேண்டும். இப்போது மண்டி ஓட்டம் மட்டும் இருக்கிற வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்குநேரியிலிருந்து வள்ளியூர் வரை போய்த் திரும்புகிறேன். டீசல் வீண் என்று தம்பி சொல்கிறான். அந்த ஏற்றத்தில் அவன் இல்லை. ஆயிலும் பி.எஸ். 6-க்கு என்று எழுதியதைத் தவிர வேறு ஊற்றுவதில்லை, சாம்பல் கூடின ஆயில் அந்த ஃபில்டரை அடைக்கும்.

அமெரிக்காக்காரர்களும் இதே படிகளில்தான் ஏறியிருக்கிறார்கள். அங்கே ஹெவி டியூட்டி பிக்கப் என்பது நம் ஊர் மினி லாரியையே கட்டி இழுக்கிற ஜாதி. 1989-ல் டாட்ஜ் ராம் என்ற பிக்கப்பில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜினை வைத்தார்கள். 160 குதிரைத்திறன், டார்க் (இன்ஜினின் சுழற்று விசை) 540 நியூட்டன் மீட்டர் அளவு, எல்லாம் மெக்கானிக்கல் பம்பு. 2003-ல் அது காமன் ரெயில் ஆனது, 2007-ல் புகை விதி இறுகியதும் கரி ஃபில்டர் வந்தது. 2019 மாடலில் டார்க் 1,350-ஐத் தாண்டியது. முப்பது ஆண்டில் இரண்டரை மடங்கு. அங்கேயும் பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டிகளைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் என்று எனக்கு நன்றாகவே தெரிகிறது.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். என் புது வண்டி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ஷெட்டில் நின்றது, தாமிரபரணித் தண்ணீர் சீட் வரை ஏறிவிட்டது. முதல் வண்டி, அதை நான் விற்கவில்லை, களக்காட்டில் வாய்க்கால் உடைந்த தண்ணீரில் பானட் வரை மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் மெக்கானிக் அண்ணாச்சி வந்தார். டேங்க் டீசலையும் ஆயிலையும் இறக்கினோம், ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் வந்தது. நாசில்களைக் கழற்றி இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரைக் கக்க வைத்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் ஓடியது. அந்த வாரம் முழுக்க அரிசியும் தண்ணீர்க் கேனும் அந்த வண்டியில்தான் போயின. புது வண்டியைக் கட்டி இழுத்துப் போய் ஐந்து வாரம் கழித்துத்தான் வாங்கினேன். வயரிங் முழுக்க மாற்ற வேண்டியிருந்தது. ஒரு நல்ல காரியம், தண்ணீரில் நின்ற வண்டியில் நான் சாவியைத் திருப்பவே இல்லை. திருப்பியிருந்தால் இன்ஜினும் போயிருக்கும், இன்சூரன்ஸிலும் தகராறு வந்திருக்கும்.

பாரம் பற்றி ஒன்று. ஓணம் சமயத்தில் ஏத்தனுக்கு விலை ஏறும்போது கூட இருபது தார் போடச் சொல்லி எல்லோரும் வற்புறுத்துவார்கள். புது வண்டி இழுத்தும் விடும், அதுதான் ஆபத்து. இழுவை கூடியிருக்கிற அளவுக்கு இறக்கத்தில் பிரேக் கூடவில்லை. 2019 சட்டத் திருத்தப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், மேலே ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. நான் போடுவதில்லை. டிரைவர் விஷயத்தில் மட்டும் இப்போது நிம்மதி. 7,500 கிலோவுக்குள் உள்ள வண்டிக்கு சாதாரண லைசென்ஸ் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னதை 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் உறுதி செய்துவிட்டார்கள்.

போன மாதம் ஏர்வாடியிலிருந்து சித்தப்பா மகன் வந்து எதை வாங்கட்டும் என்று கேட்டான். அவனுக்குச் செங்கல் ஓட்டம், பத்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. நல்ல நிலையில் உள்ள 2018, 2019 வண்டி ஒன்றைப் பார் என்றேன். கரி ஃபில்டர் இல்லாத கடைசித் தலைமுறை அது, பவர் ஸ்டியரிங்கும் இருக்கும். கேரளம் ஓட்டுகிறவன் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பி.எஸ். 6 எடு என்றிருப்பேன். சித்தப்பா மகன் நான் விற்ற இரண்டாவது வண்டியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறான். அது இப்போது திசையன்விளையில் முருங்கைக்காய் ஏற்றுகிறது, கொடுக்க மாட்டேன் என்கிறார்களாம்.

முதல் வண்டியின் மீட்டர் 4,10,000-ல் நின்றுபோய்விட்டது. எட்டு வயது தாண்டினதால் வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று). அடுத்தது ஆனியில் வருகிறது. பின்பக்க இடது ஸ்பிரிங்கில் ஒரு பட்டை விரிசல் விட்டிருக்கிறது, அதை மாற்ற அண்ணாச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.