லெஜிஸ்டார்: நியூயார்க் நகர மன்றத்தின் மசோதாப் பதிவேடு எப்படி இருக்கிறது?

நியூயார்க் நகர மன்றத்தில் ஒரு மசோதா எந்த நிலையில் இருக்கிறது என்று அதிகாரபூர்வமாகத் தெரிந்துகொள்ள லெஜிஸ்டார் தளத்துக்குத்தான் போக வேண்டும். கிரானிகஸ் நிறுவனத்தின் மென்பொருள் இது. சியாட்டில், ஓக்லாந்து உட்படப் பல அமெரிக்க நகரங்களும் இதையே வைத்திருக்கின்றன. திரையைப் பார்த்தால் ஏதோ பழைய அலுவலகக் கணினி போலத் தோன்றும். உள்ளே பதிவுகள் நேர்த்தியாக இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், மன்றத்தின் நடைமுறை தெரிந்தவருக்காகவே செய்த தளம் இது. தெரியாதவர் திரையில் உள்ளதை அப்படியே நம்பித் தப்பான முடிவுக்கு வருவார்.

தேடலில் இருந்தே தொடங்குகிறது தொல்லை. 'லெஜிஸ்லேஷன்' பக்கத்தில் தேடும் சொல்லுக்குப் பக்கத்தில் ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி இருக்கும். அது நடப்புக் காலத்தில் நின்றுகொண்டிருந்தால் பழைய மசோதா எதுவும் அகப்படாது. 'ஆல் இயர்ஸ்' என்று மாற்றிவிட்டுத் தேடுங்கள். சொல்லை வைத்துத் தேடுவதைவிட எண்ணை வைத்துத் தேடுவது நல்லது. எண்ணோடு ஆண்டையும் சேர்த்தே போட வேண்டும். மன்றத்தின் ஒவ்வொரு பருவத்திலும் ('செஷன்') எண்கள் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குவதால், 2022-இன் முதல் மசோதாவும் 2024-இன் முதல் மசோதாவும் வேறு வேறு. பருவம் முடியும்போது நிறைவேறாமல் கிடக்கும் மசோதாக்கள் எல்லாம் 'ஃபைல்டு, எண்ட் ஆஃப் செஷன்' என்று மூடப்படும். அதை 'மன்றம் நிராகரித்தது' என்று எழுதிவிடக் கூடாது, வாக்கெடுப்பே நடந்திருக்காது. அடுத்த பருவத்தில் அதே வாசகம் புது எண்ணோடு வரலாம்.

எண்ணுக்கு முன்னால் 'இன்ட்' என்று இருந்தால் சட்ட மசோதா. 'ரெஸ்' என்றால் தீர்மானம். மாநில அரசையோ கூட்டாட்சி அரசையோ இன்னது செய்யுங்கள் என்று கேட்கும் தீர்மானங்கள் ஏராளம். அவை ஏற்கப்பட்டாலும் யாரையும் கட்டுப்படுத்தாது. 'டி' என்று தொடங்கும் எண்கள் நகரத் துறைகளை மேற்பார்வையிட மன்றக் குழு எடுத்துக்கொண்ட தலைப்புகளாக இருக்கலாம், முறையாக அறிமுகமாவதற்கு முன்பே விசாரணைக்கு எடுத்துக்கொண்ட மசோதாக்களாகவும் இருக்கலாம். இரண்டாவது வகைக்குப் பின்னால் 'இன்ட்' எண் கிடைக்கும். பழைய எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு காத்திருப்பவர் மசோதா மாயமாகிவிட்டது என்றே நினைப்பார்.

இந்தத் தளத்தின் உயிர்நாடி மசோதாப் பக்கத்தின் அடியில் உள்ள 'ஹிஸ்டரி' அட்டவணை. மேலே உள்ள 'ஸ்டேட்டஸ்' கட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகக் கீழே வந்துவிடலாம். தேதி, எந்த வடிவம், யார் செய்த நடவடிக்கை, என்ன நடவடிக்கை, முடிவு என்று வரிசையாக இருக்கும். குழுவுக்கு அனுப்பியது, கருத்துக்கேட்பு நடந்தது, குழு ஒத்திவைத்தது, திருத்தம் முன்வைத்தது, குழு ஏற்றது, மன்றம் ஏற்றது, மேயருக்குப் போனது. இதில் 'முடிவு' பத்தியில் வரும் 'பாஸ்' என்ற சொல்லில்தான் பலரும் இடறுகிறார்கள். அந்த வரியில் உள்ள நடவடிக்கை நிறைவேறியது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. குழு ஏற்றதற்கு எதிரே 'பாஸ்' என்று இருந்தால், மசோதா இன்னும் மன்றத்துக்கே வரவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். யார் எப்படி வாக்களித்தார் என்பது அதே வரியின் 'ஆக்‌ஷன் டீட்டெயில்ஸ்' இணைப்பைத் திறந்தால் பெயர் பெயராக வரும். மொத்தம் 51 உறுப்பினர்கள். நிறைவேற 26 வாக்கு, மேயரின் வீட்டோவை முறியடிக்க 34. வந்திருப்பவர்களில் பெரும்பான்மை என்ற கணக்கு இங்கே செல்லாது.

மன்றம் ஏற்ற பிறகு மேயருக்கு 30 நாள். கையெழுத்துப் போடலாம், வீட்டோ செய்யலாம், சும்மாவும் இருக்கலாம். சும்மா இருந்தால் மசோதா தானாகச் சட்டமாகும். அதைத்தான் லெஜிஸ்டார் 'சிட்டி சார்ட்டர் ரூல் அடாப்டட்' என்று மொட்டையாகக் குறிக்கிறது. புதிதாகப் பார்ப்பவருக்கு ஒன்றுமே விளங்காத வரி இது.

வேலைக்கு ஆள் எடுப்பதில் தானியங்கிக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் 2021-இன் 144ஆம் எண் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2020-இல் 1894 என்ற எண்ணில் அறிமுகமானது. 2021 நவம்பர் 10 அன்று மன்றம் ஏற்றது. மேயர் கையெழுத்திடவில்லை; டிசம்பர் 11 அன்று சட்டமானது. 'எனாக்ட்மென்ட் டேட்' கட்டத்தில் உள்ளது இந்த நாள்தான். நிறுவனங்களுக்குச் சட்டம் பொருந்தும் நாளோ வேறு. மசோதாவின் கடைசிப் பிரிவில் 2023 ஜனவரி 1 என்று போட்டிருக்கிறது. பிறகு விதிகளை வகுத்த நகரத் துறை நடைமுறைப்படுத்துவதை 2023 ஜூலை 5-க்குத் தள்ளிவைத்தது. துறைகளின் விதிகள் மன்றத்தின் பதிவேட்டுக்குள் அடங்குவதில்லை. ஆகவே அமலுக்கு வரும் நாள் வேண்டுமென்றால் மசோதாவின் கடைசிப் பிரிவைப் படித்துவிட்டுத் துறையின் அறிவிப்பையும் தேட வேண்டும். தேதிக் கட்டத்தை மட்டும் பார்த்து ஆலோசனை சொல்பவரிடம் ஜாக்கிரதை.

வாசகத்தைப் படிக்கும்போது அடிக்கோடிட்டது புதிதாகச் சேர்வது, சதுர அடைப்புக்குள் இருப்பது நீக்கப்படுவது. நகலெடுத்து ஒட்டினால் அடிக்கோடு போய்விடும். பிறகு எது பழசு, எது புதுசு என்றே தெரியாது. வடிவ எழுத்தும் முக்கியம். 1894 அறிமுகமான வடிவம், 1894-ஏ திருத்திய வடிவம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருப்பதுண்டு. செய்திகள் பெரும்பாலும் முதல் வடிவத்தை வைத்தே எழுதப்பட்டிருக்கும்.

கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் 'கேலண்டர்' பக்கத்தை நம்பலாம், ஆனால் காலத்தில் கோட்டை விட்டுவிடக் கூடாது. பொதுமக்கள் பேச இடமிருப்பது முதல் கருத்துக்கேட்பில். வாக்கெடுப்புக்காகக் குழு கூடும் நாள், பெரும்பாலும் மன்றம் கூடும் அதே நாள். காலையில் குழு, மதியம் மன்றம். அன்று போய் நின்று பயனில்லை. பேச வாய்க்காதவர் எழுத்து மூலமான கருத்தைக் கருத்துக்கேட்பு முடிந்து 72 மணி நேரத்துக்குள் அனுப்பலாம். அதற்கான படிவம் லெஜிஸ்டாரில் இல்லை, மன்றத்தின் சொந்தத் தளத்தில் இருக்கிறது. இப்படி இரண்டு இடமாகப் பிரித்து வைத்தது எரிச்சல்தான். வாக்கெடுப்பு நெருங்குகிறதா என்று மோப்பம் பிடிக்க மசோதாவோடு இணைத்துள்ள கோப்புகளைக் கவனியுங்கள். இறுதி வாசகம் ஞாயிறு நீங்கலாக 7 நாள் உறுப்பினர்கள் மேசையில் இருந்தாக வேண்டும். அவசரம் என்று மேயர் சான்று கொடுத்தால் மட்டுமே விலக்கு. 'ப்ரொபோஸ்டு இன்ட்' என்ற பெயரில் ஏ வடிவம் திடீரென்று அந்தக் கோப்புகளில் தோன்றினால் அடுத்த வாரத்தில் ஏதோ நடக்கப்போகிறது என்று பொருள். கூட்டத்துக்குக் கிளம்பும் முன் நேரம் போட்டிருக்கும் பத்தியை மறுபடி பாருங்கள். 'டிஃபெர்டு' என்று மாறியிருந்தால் கூட்டம் தள்ளிப்போய்விட்டது.

ஆதரவாளர் ('ஸ்பான்சர்') பட்டியலில் முதல் பெயர்தான் முதன்மை ஆதரவாளர், அதாவது மசோதாவைக் கொண்டுவந்தவர். 26-க்கு மேல் பெயர் இருந்தும் கிடப்பில் கிடக்கும் மசோதாக்கள் உண்டு. வாக்கெடுப்புக்குக் கொண்டுவருவது அவைத்தலைவர் கையில்.

தொழில்நுட்பத்தில் குறைகள் உண்டு. மசோதாப் பக்கத்தின் முகவரியில் ஐடி, ஜியுஐடி என இரண்டு நீள எண்கள் இருக்கும்; பகிரும்போது இரண்டாவதை வெட்டிவிட்டால் பக்கம் திறக்காது, பிழைச் செய்திதான் வரும். தேடல் முடிவுகளை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், உருப்படியான வசதி. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு, நிரல் வழியாகவே பதிவுகளை எடுக்க உதவும் ஏபிஐ இருக்கிறது; ஒரு அழைப்புக்கு 1000 பதிவு வரைதான் தரும், நியூயார்க்குக்குத் தனி டோக்கன் (அனுமதிக் குறியீடு) வாங்க வேண்டும். அவ்வளவு தூரம் போக விருப்பமில்லாதவர்கள் இன்ட்ரோ.என்ஒய்சி என்ற தனியார் தளத்தைப் பயன்படுத்தலாம். முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு 1894-2020 என்று அடித்தால் மசோதா உடனே வந்துவிடும்.