டீலர்ஷிப்புக்கு டிஎம்எஸ்: சொந்த சர்வரா, வாடகை சர்வரா, நிஜ க்ளவுடா?

கார் டீலர்ஷிப்ல டிஎம்எஸ் (சேல்ஸ், சர்வீஸ், பார்ட்ஸ், கணக்கு எல்லாத்தையும் ஓட்டுற டீலர் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர்) மாத்தலாமான்னு பேச்சு எடுத்தாலே ரெண்டு கட்சி ஆயிடும். அக்கவுண்ட்ஸ் ஆளுங்க சர்வர் நம்ம ரூம்லயே இருக்கட்டும்பாங்க, சேல்ஸ் ஆளுங்க எல்லாத்தையும் க்ளவுடுக்கு ஏத்திடலாம்பாங்க. நடுவுல மூணாவதா ஒண்ணு இருக்கு, நிறைய பேரு ஏமாறது அதுலதான்.

முதல்ல சொந்த சர்வர். இதோட பெரிய பலம், நெட் போனாலும் பில் போடலாம், ஜாப் கார்டு ஓப்பன் பண்ணலாம், பார்ட்ஸ் இஷ்யூ பண்ணலாம், எல்லாம் கடைக்குள்ளயே ஓடுறதால ஸ்பீடும் நல்லாருக்கும். சிக்கல் என்னன்னா அதை யாரு பாத்துக்கிறதுங்கிறதுதான். விண்டோஸ் சர்வர் 2012க்கு வழக்கமான சப்போர்ட் 2023 அக்டோபர்லயே முடிஞ்சிடுச்சு, ஆனா "ஓடுறத ஏன் தொடணும்"னு அப்படியே விட்டுடுவாங்க. பேக்கப் எடுக்குற ஹார்ட் டிஸ்க்கும் அதே சர்வர்ல சொருகியே கிடக்கும், ரான்சம்வேர் (ஃபைல்கள பூட்டிட்டு பணம் கேக்குற வைரஸ்) புகுந்தா ஒரிஜினலோட சேத்து பேக்கப்பையும் பூட்டிட்டு போயிடும், அப்புறம் அந்த பேக்கப் இருந்து என்ன இல்லாம என்ன.

ரெண்டாவது அந்த ஏமாத்து ஐட்டம். அதே பழைய சாஃப்ட்வேர தூக்கி வெண்டரோட டேட்டா சென்டர்ல வெச்சுட்டு ரிமோட் டெஸ்க்டாப்ல லாகின் பண்ண சொல்லுவாங்க, பேரு மட்டும் க்ளவுட். ஸ்க்ரீன் அதே பழைய ஸ்க்ரீன், ப்ரிண்ட் குடுத்தா எந்த ப்ரிண்டர்ல வரும்னு அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம். டெமோவுல மூணு கேள்வி கேளுங்க போதும்: சும்மா ப்ரவுசர்ல ஓப்பன் ஆகுமா, டேப்லெட்ல எடுத்த போட்டோ நேரா ஜாப் கார்டுல ஏறுமா, நாங்க வெச்சிருக்கிற மத்த சாஃப்ட்வேர் ஏபிஐ வழியா இதோட பேசுமா. மூணுக்கும் "அது அடுத்த வெர்ஷன்ல வருது சார்"னு பதில் வந்தா நீங்க வாங்கப்போறது வாடகை சர்வர்.

மூணாவது, க்ளவுடுக்குன்னே எழுதின சாஃப்ட்வேர். டெஸ்லாவுல சிஐஓவா, அதாவது ஐடி தலைவரா இருந்த ஜெய் விஜயன் 2016ல ஆரம்பிச்ச டெகியான் இந்த வகை. எதிர்ல நிக்கிற பழைய டிஎம்எஸ் கம்பெனி ரெனால்ட்ஸ் அண்ட் ரெனால்ட்ஸ் 1866ல பேப்பர் ஃபார்ம் அச்சடிக்கிற கம்பெனியா ஆரம்பிச்சது, இந்த ஃபீல்டோட வயசு அதுலயே தெரியும். க்ளவுடோட லாபம் ஷோரூமவிட ஒர்க்‌ஷாப்லதான் ஜாஸ்திங்கிறது என் கருத்து. அட்வைசர் டேப்லெட்டோட வண்டிகிட்டயே போய் வண்டியோட அடையாளமான 17 எழுத்து வின் நம்பர ஸ்கேன் பண்ணா பழைய சர்வீஸ் ஹிஸ்டரி வந்துடும், தேஞ்சுபோன ப்ரேக் பேடை போட்டோ எடுத்து எஸ்டிமேட்டோட கஸ்டமர் போனுக்கு அனுப்பினா அவரு ஆபீஸ்ல உக்காந்துகிட்டே ஓகே பண்ணுவாரு, ஓகே வந்ததும் பார்ட்ஸ் கவுண்டர்ல அந்த பேட் ரிசர்வ் ஆயிடும். பழைய முறையில மெக்கானிக் பேப்பர்ல எழுதி, அட்வைசர் அதைப் பாத்து டைப் அடிச்சு, கஸ்டமருக்கு போன் போட்டு, அவரு எடுக்காம, வண்டி சர்வீஸ் பண்ற இடத்துலயே நிக்கும். நாலு ப்ராஞ்ச் இருந்தா எந்த ப்ராஞ்ச்ல எந்த பார்ட்ஸ் தூங்குதுன்னு தெரியறதே தனி லாபம்.

செலவுல பெருசா சண்டை போட ஒண்ணுமில்ல. சொந்த சர்வர்னா முதல்ல மொத்தமா அடி, க்ளவுடுன்னா மாசாமாசம் கிள்ளு.

இப்ப பயத்துக்கு வருவோம். 2024 ஜூன்ல அமெரிக்காவுல டிஎம்எஸ் விக்கிற சிடிகே குளோபல் மேல சைபர் அட்டாக் நடந்துச்சு, அவங்க சிஸ்டத்த நம்பி இருந்த டீலர்ஷிப் வட அமெரிக்காவுல சுமார் 15,000, எல்லாம் சரியாகறதுக்கு ரெண்டு வாரம் கிட்ட ஆச்சு, அதுவரைக்கும் பல இடத்துல பேனாவும் பேப்பரும்தான். இதக் காட்டி "பாத்தியா, நம்ம ரூம் சர்வர்தான் சேஃப்"னு சொல்றவங்க இருக்காங்க. க்ளவுட் விழுந்தா எல்லாரும் ஒண்ணா விழுவோம்ங்கிறது வாஸ்தவம். ஆனா உங்க ரூம் சர்வர் விழுந்தா நியூஸ்ல வராது, தூக்கி நிறுத்த ராத்திரி ஓடி வர டீமும் இருக்காது. பொறுப்பும் வெண்டர் தலைக்கு முழுசா போயிடாது: அமெரிக்காவுல நுகர்வோர் நலனைப் பாத்துக்கிற அரசு அமைப்பான எஃப்டிசியோட சேஃப்கார்ட்ஸ் ரூல்ல புதுசா சேத்த முக்கியமான விதிங்க 2023 ஜூன்ல அமலுக்கு வந்துச்சு, லோன் ஏற்பாடு பண்ற டீலர்தான் கஸ்டமர் டேட்டாவுக்கு என்க்ரிப்ஷன், டபுள் லாகின் எல்லாம் இருக்கான்னு பாத்துக்கணும், வெளி வெண்டர்கிட்ட இருந்தாலும் சரி.

அதவிட நான் பயப்படுறது டேட்டா வெளிய வர்ற வழிக்கு. டீலர்கள் தங்க டேட்டாவ எடுத்துட்டு மாற முடியாம தடுக்குறாங்கன்னு குற்றம்சாட்டி டெகியான் 2024 டிசம்பர்ல சிடிகே மேல கேஸே போட்டுச்சு. அதனால கையெழுத்துக்கு முன்னாடியே, நாங்க கிளம்பினா சர்வீஸ் ஹிஸ்டரி, பார்ட்ஸ் ஸ்டாக், ஓப்பன் வாரண்டி க்ளெய்ம் எல்லாம் எந்த ஃபார்மேட்ல, எத்தன நாள்ல, என்ன கட்டணத்துல தருவீங்கன்னு அக்ரிமெண்ட்ல எழுதி வாங்குங்க, வாய்வார்த்தை வேலைக்காகாது.

என் ஓட்டு: ஒரே ஷோரூம், நெட்டும் நம்ப முடியாதுன்னா சொந்த சர்வரே ஓட்டுங்க, பேக்கப்ல ஒரு காப்பி மட்டும் கழட்டி வெளிய வைங்க. ப்ராஞ்ச் ரெண்டுக்கு மேலன்னா நிஜ க்ளவுட், கூடவே வேற வேற கம்பெனி நெட் லைன் ரெண்டு, அச்சடிச்ச காலி ஜாப் கார்டு ஒரு கட்டு. வாடகை சர்வர் ஏற்கனவே மாட்டிக்கிட்டவங்களுக்கு மட்டும், அதுவும் காண்ட்ராக்ட் முடியற வரைக்கும். எதுக்கு மாறினாலும் மாசக் கடைசியில மாறாதீங்க, பார்ட்ஸ் ஸ்டாக்க கையால எண்ணி முடிச்சுட்டு அப்புறம் டேட்டாவ ஏத்துங்க.