எட்டு மாசமா ஸ்டீம் டெக்: வேலையும் வயலும் பிள்ளையும் உள்ள ஆளுக்கு இது சரிவருமா

ஸ்டீம் டெக் எண்டது கையில பிடிச்சு விளையாடுற ஒரு கேம் மெசின். இந்தச் சாமான்ர மேல் விளிம்பில ஒரு சின்னப் பட்டன் இருக்கு, அதைப்பற்றித்தான் முதல்ல சொல்லோணும். விளையாடிக்கொண்டிருக்கேக்க மகள் நித்திரையால எழும்பி "அப்பா" எண்டு கூப்பிட்டா அதை ஒருக்கா அமத்துவன், ஸ்க்ரீன் இருண்டிடும். கேம் எந்த இடத்தில நிண்டுதோ அந்த இடத்திலயே நிக்கும், வாளை ஓங்கினபடி நிண்டா ஓங்கினபடியே நிக்கும். அடுத்த நாள் மத்தியானமோ மூண்டு நாள் கழிச்சோ திரும்ப அமத்தினா கொஞ்ச செக்கனில அதே வாள், அதே எதிரி. ரைட்டில் ஸ்க்ரீன் இல்லை, லோடிங் இல்லை, "கடைசியா எங்க சேவ் பண்ணினன்" எண்டு தேடுறதும் இல்லை. நான் குடுத்த காசில பாதி இந்தப் பட்டனுக்குத்தான் எண்டு நினைக்கிறன்.

என்ர நிலைமையச் சொன்னாத்தான் இது விளங்கும். கிளிநொச்சியில ஒரு ஒஃபிஸில வேலை. இரணைமடுக் குளத்துக்குக் கீழ ரெண்டு ஏக்கர் வயல், அப்பாவுக்கு ஏலாது எண்டபடியா இப்ப நான்தான் பாக்கிறன். நாலு வயசில மகள். வீட்டில பழைய பிளேஸ்டேஷன் 4 ஒண்டும் இருக்கு, 2020 கொரோனா ஊரடங்கில அதில விட்சர் 3 தொடங்கினனான். பிரதான கதை மட்டுமே கிட்டத்தட்ட 50 மணித்தியாலம் போற கேம் அது, பக்கக் கதையளும் சேத்தா நூறு தாண்டும். ஊரடங்கு முடிஞ்சு வேலை தொடங்கிச்சு, பிறகு மகள் பிறந்தா, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா போட்டுப் பாத்தா எந்தப் பட்டன் எதுக்கு எண்டே மறந்து போய்க் கிடக்கும், கதையில ஆர் ஆரோட கோவம் எண்டும் தெரியாது. ரிவியும் சும்மா கிடைக்காது, பின்னேரத்தில மகளின்ர காட்டூன், இரவில அம்மாவின்ர நாடகம், அதுகளை நிப்பாட்டிப்போட்டு நான் விளையாடுறது எண்டது நடக்காத காரியம். கடைசியில "எனக்கு நேரமில்லை" எண்டு சொல்லி அதைத் துணியால மூடி வச்சிட்டன்.

போன வருசம் சிறுபோகத்தில ஒருநாள் வாய்க்கால் கட்டில குந்திக்கொண்டு இருக்கேக்கதான் வேற மாதிரி யோசினை வந்தது. சிறுபோகத்தில முறை வச்சுத்தான் தண்ணி விடுவினம், எங்கட முறை வரும்வரைக்கும் நிக்கோணும், வந்தாப் பிறகு வயல் நிறையும்வரைக்கும் நிக்கோணும். அண்டைக்கு மட்டும் 40 நிமிசம் சும்மா இருந்திருக்கிறன், கையில போன், ஒண்டையும் பாக்காமல் விரலால தள்ளிக்கொண்டு. மகளை முன்பள்ளி வாசலில பாத்துக்கொண்டு நிக்கிறது 15 நிமிசம், மகள் நித்திரையான பிறகு எனக்கு நித்திரை வரமுதல் அரை மணித்தியாலம். கூட்டிப் பாத்தா நேரம் இருக்கு, ஆனா முழு அரிசியா இல்லை, குறுணலாக் கிடக்கு. பெரிய ரிவிக்கு முன்னால கன்ரோலரைப் பிடிச்சுக்கொண்டு இருந்து விளையாடுறதுக்குத்தான் முழு அரிசி வேணும்.

அந்த நேரம்தான் கனடாவில இருக்கிற மச்சான் ஒரு ஸ்டீம் டெக் பாவிச்சுப்போட்டு புதுசு மாத்தப்போறன் எண்டு சொன்னவன். வால்வ் கொம்பனி 2022 பெப்ரவரியில விட்ட முதல் மொடல், எல்சிடி ஸ்க்ரீன், 256 ஜீபி. எனக்கு 85 ஆயிரம் ரூபாக்குத் தந்தான், ஊருக்கு வரேக்க கையோட கொண்டந்தவன். இலங்கையில இதை வால்வ் நேர விக்கிறதில்லை, அதால தெரிஞ்ச ஆரும் கொண்டந்து தந்தாத்தான் நிம்மதி.

மனிசிக்கு முதல்ல விருப்பமில்லை. காசுக்காக இல்லை, நான் இதையும் தூக்கிக்கொண்டு ஒரு மூலையில போய் இருந்திடுவன் எண்ட பயம். "இஞ்சேருங்கோ, கூப்பிட்ட உடன வருவியளோ" எண்டு மட்டும்தான் கேட்டவ. வருவன் எண்டு சொன்னன். எட்டு மாசமா அந்தச் சொல்லைக் காப்பாத்தியிருக்கிறன், அதுக்கு என்ர நல்ல குணம் மட்டும் காரணமில்லை, "பொறு, சேவ் பண்ணிப்போட்டு வாறன்" எண்டு சொல்லவேண்டிய தேவையே இல்லாமப் போனதுதான் பெரிய காரணம். அந்தப் "பொறு" தான் எத்தினை வீடுகளில சண்டையக் கொண்டாறது.

நாங்கள் சின்னனா இருக்கேக்க வன்னிக்குள்ள கரண்ட் இல்லை, பற்றறியும் தடை, சைக்கிளைக் கவிட்டு வச்சு டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட காலம். 2002 இல ஏ9 பாதை திறந்தாப் பிறகு மாமா யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு பிரிக் கேம் கொண்டந்து தந்தவர், கட்டை விழ விழ அடுக்கிற கேம். நானும் தம்பியும் முறை வச்சு, பற்றறி தேஞ்சுபோகும் எண்டு கணக்குப் பாத்து, ஒரு நாளைக்குப் பத்துப் பத்து நிமிசம் விளையாடினனாங்கள். 2009 இடம்பெயர்வில அது எங்கயோ விடுபட்டுப் போட்டுது. இந்த டெக்கை முதல் நாள் கையில பிடிச்சு வரம்பில இருக்கேக்க எனக்கு அந்தப் பத்து நிமிசம்தான் ஞாபகம் வந்தது, கொஞ்ச நேரம் ஒண்டும் விளையாடாமல் அப்பிடியே வச்சுக்கொண்டு இருந்தன்.

சரி, என்ன கேம் சரிவருது எண்டதுக்கு வாறன், ஏனெண்டா சாமான் எவ்வளவு நல்லா இருந்தாலும் கேமைப் பிழையா எடுத்தா நேரம் பத்தாது.

எனக்கு அதிகம் ஓடினது ஸ்லே த ஸ்பயர். சீட்டு வச்சுச் சண்டை பிடிக்கிற கேம், முறைக்கு முறை. எதிரி அடுத்ததா என்ன செய்யப்போறான் எண்டு தலைக்கு மேலயே காட்டும், நீங்கள் ஒரு நிமிசம் யோசிச்சாலும் ஒரு கிழமை யோசிச்சாலும் அவன் பாத்துக்கொண்டுதான் நிப்பான். வாய்க்காலில ஆரும் "தம்பி, மேல மடை உடைச்சுப்போட்டாங்கள்" எண்டு கத்தினாலும் பயமில்லை, வச்சிட்டு மம்பட்டியத் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

ஸ்டார்டியூ வாலி, தனி ஒரு ஆள் இருந்து செய்து 2016 இல விட்ட தோட்டக் கேம். அதில ஒரு நாள் எண்டது விடிய 6 மணி தொடக்கம் சாமம் 2 மணி மட்டும், எங்கட கணக்கில 14 நிமிசம் மாதிரி வரும். நாள் முடிஞ்சு படுத்தாத்தான் சேவ் ஆகும், அதால கொம்பியூட்டரில விளையாடேக்க நடுவில எழும்ப ஏலாமல் அந்தரப்படுவம், டெக்கில பட்டனை அமத்தினாச் சரி. மனிசியும் இப்ப பக்கத்தில இருந்து என்ன பயிர் வைக்கிறது எண்டு சொல்லுவா. அதில பார்ஸ்னிப் எண்ட கிழங்கு நாலு நாளில விளைஞ்சிடும், நான் 105 நாள் நெல்லுக்குப் பூச்சி வருமோ தண்ணி வருமோ எண்டு ஏங்கிக்கொண்டு இருக்கிற ஆள், நாலு நாளில கையில காசு வாறதைப் பாக்க மனசுக்கு ஒரு ஆறுதல் இருக்கு, உண்மையாச் சொல்லுறன்.

வம்பயர் சர்வைவர்ஸ் பெரும்பாலும் 30 நிமிசத்தோட ஒரு ஆட்டம் முடியும், மகள் நித்திரையான பிறகு ஒண்டு, அவ்வளவுதான், லைட்டை நூத்திட்டுப் படுக்கலாம்.

விட்சரையும் திரும்ப முதல்ல இருந்து தொடங்கினன். ஏழு மாசம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமா, போன மாசம் முடிச்சன். மறதிக்கு ஒரு வழி பிடிச்சன்: ஸ்டீமிலயே, அதாவது கேம் வாங்கி ஓட்டுற வால்வின்ர செயலியிலயே, குறிப்பு எழுதுற இடம் ஒண்டு 2023 இல சேத்தவை, விளையாடி முடிக்கேக்க "இப்ப இந்த ஊரில நிக்கிறன், அந்தக் கிழவரைத் தேடிப் போறன்" எண்டு ஒரு வரி எழுதிப்போட்டு அந்தப் பட்டனை அமத்தி டெக்கை நித்திரையாக்குவன். பெரிய கதை உள்ள கேமைத் துண்டு துண்டா விளையாடுற ஆக்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கோ. ஒரு நேரத்தில ஒரு பெரிய கேமுக்கு மேல வச்சிருக்கவும் வேண்டாம்.

ஒன்லைன் கேமுக்கு இந்தப் பட்டன் உதவாது. அஞ்சு அஞ்சு பேராப் பிரிஞ்சு மோதுற டோட்டா மாதிரி ஒண்டை நடுவில நித்திரையாக்கினா தொடர்பு அறுந்திடும், கூட விளையாடுற நாலு பேரையும் விட்டிட்டுப் போன மாதிரி. அவையும் வேலை முடிஞ்சு வந்து கிடைச்ச நேரத்தில விளையாடுற ஆக்களா இருக்கும். பிள்ளை எழும்புற வீட்டில அதைத் தொடங்காமல் விடுறதுதான் நியாயம்.

இனிக் குறையள். பாரம் 669 கிராம், படுத்துக்கொண்டு பிடிச்சா கை உளையும், நான் நெஞ்சில ஒரு தலாணி வச்சு அதுக்கு மேல வைக்கிறன். பற்றறி 40 வாட் மணி, வால்வ் சொல்லுறது 2 தொடக்கம் 8 மணித்தியாலம், அதில ஸ்டார்டியூ மாதிரி லேசான கேம் மேல்பக்கத்துக்குக் கிட்டவா ஓடும், விட்சர் கீழ்ப்பக்கம். வெளிச்சத்தைக் குறைச்சு, படம் மாறுற வேகத்தைச் செக்கனுக்கு 30 பிரேமில கட்டி வச்சா கொஞ்சம் கூட ஓடும். நித்திரையில கிடக்கேக்கயும் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கும், அதால இரவில சார்ஜில போட்டு வைக்கிறது நல்லது. சார்ஜர் 45 வாட், எங்கட 230 வோல்ட்டில நேர வேலை செய்யும், பிளக்குக்கு மட்டும் ஒரு அடப்டர் வேணும். கரண்ட் கட் ஆன நேரத்துக்கு 45 வாட் குடுக்கக்கூடிய யூஎஸ்பி சி பவர்பாங்க் ஒண்டும் வாங்கி வச்சிருக்கிறன், 2022 இல பட்ட பாடு ஆருக்கும் மறக்காது.

வெக்கையைக் கவனிக்கோணும். சுத்துச் சூடு 35 பாகைக்குள்ள இருக்கோணும் எண்டு வால்வ் சொல்லியிருக்கு, எங்கட கிளிநொச்சி வெயிலில மத்தியானம் வெளியில அது சரிவராது, ஸ்க்ரீனும் வெயிலில தெரியாது. மர நிழலில காலமையும் பின்னேரமும் எண்டா ஒரு பிரச்சினையும் இல்லை. காலபோகத்தில பண்டிக்காவலுக்குக் கொட்டிலில படுக்கேக்கயும் கொண்டு போய்ப் பாத்தன், அதை மட்டும் செய்யாதேங்கோ. ஸ்க்ரீன் வெளிச்சத்தைப் பாத்த கண்ணுக்கு இருட்டில ஒண்டும் தெரியாது, பண்டி வரம்பால இறங்கினாலும் தெரியாது, யானை வந்தா உயிருக்கே ஆபத்து. காவல் எண்டா காவல்தான்.

டவுன்லோட் இன்னொரு கரைச்சல். ஸ்லே த ஸ்பயரும் ஸ்டார்டியூவும் ஒரு ஜீபி அளவுக்குள்ள முடிஞ்சிடும், விட்சர் மாதிரி எண்டா பத்துக்கணக்கான ஜீபி. நான் இரவு டேட்டாவில போட்டுவிட்டுட்டுப் படுத்திடுவன், விடிய வந்திருக்கும். வாங்கமுதல் டெக்குக்கு வெரிஃபைட் எண்டு பச்சை அடையாளம் இருக்கோ எண்டு பாருங்கோ, இது விண்டோஸ் இல்லை, லினக்ஸில புரோட்டோன் எண்ட சொஃப்ட்வெயரால விண்டோஸ் கேமை ஓட்டுறது, பச்சை இருந்தா ஒண்டும் நோண்டாமல் ஓடும். இருக்கிற அரை மணித்தியாலத்தையும் செட்டிங்ஸில செலவழிக்க எங்களால ஏலாது. பிடிக்காட்டி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணித்தியாலத்துக்குக் குறைய விளையாடியிருந்தா காசு திரும்பக் கேக்கலாம்.

காசு கூட இருக்கிற ஆக்கள் 2023 நவம்பரில வந்த ஓலெட் மொடலை எடுக்கலாம், ஸ்க்ரீன் 7.4 இஞ்சி, பற்றறி 50 வாட் மணி, பாரமும் கொஞ்சம் குறைவு. என்னட்ட இருக்கிற பழசையே நான் மாத்தப்போறதில்லை. எட்டு மாசத்தில 131 மணித்தியாலம் விளையாடியிருக்கிறன், நாளுக்கு அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட, அதுக்காக வயலில ஒரு வேலையும் பிந்தினதில்லை.

பழசு வாங்கிற ஆக்கள் ஒரு பத்து நிமிசம் கையில வச்சுப் பாருங்கோ. ரெண்டு ஸ்டிக்கையும் விட்டிட்டுப் பாத்தா தானா அசையுதோ, எல்லாப் பட்டனும் திரும்பி எழும்புதோ, சார்ஜரைக் கழட்டின உடன பற்றறி வீதம் விழுகுதோ, எஸ்டி காட்டைப் பிடிக்குதோ, பாரமான கேம் ஒண்டைப் போட்டா மேலால சூடு காத்து ஒழுங்கா வெளியில வருதோ எண்டு. பிறகு அந்தப் பட்டனை ஒரு அஞ்சாறு தரம் அமத்தி நித்திரையாக்கி எழுப்பிப் பாருங்கோ. விக்கிற ஆள் இதுக்கு இடம் தராட்டி வாங்காமல் வந்திடுங்கோ.